தானா ராத்தா மலைச் சுற்றுப்பாதை: நடப்பவர்கள் பலர், பொறுப்பாளர் யார்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கேமரன் மலைக்கு ஏறும் சாலைகள் திணறுகின்றன. பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா ஃபார்ம் சந்தை வரை கார்கள் ஊர்ந்து செல்வது ஒவ்வொரு விடுமுறையிலும் செய்தியாகிறது. ஸ்ட்ராபெரி பறிக்கவும் தேநீர் குடிக்கவும் போன குடும்பம் பாதி நாளைக் காருக்குள்ளேயே கழித்துவிட்டு வீடு திரும்புகிறது.

இந்த நெரிசலைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதே மலையில் காரே தேவைப்படாத இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் தானா ராத்தா கடைத்தெருவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊரின் பின்புறமாகக் காட்டுக்குள் நுழைபவர்கள் அவர்கள். மதியத்துக்கு மேல், வேறொரு திசையிலிருந்து, சேறு அப்பிய காலணியோடு அதே கடைத்தெருவுக்குத் திரும்பி வருவார்கள். நேற்று வரை இதில் வெள்ளைக்கார இளைஞர்களே அதிகம். கோவிட் முடக்கத்துக்குப் பிறகு உள்ளூர் மலையேறும் குழுக்கள் பெருகிவிட்டன. கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வரும் தமிழ் இளைஞர்களையும் இப்போது அந்தப் பாதையில் பார்க்க முடிகிறது.

2026ஐ மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. கேமரன் மலை அதில் இடம்பெறாமல் இருக்காது. சாலையை அகலப்படுத்துவது, வாகன நிறுத்துமிடம் கட்டுவது பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. நடந்து போகிறவனின் பாதை யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. ஒரு விபத்து நடந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் 'பாதை மூடப்பட்டது' என்ற அறிவிப்புப் பலகைதான் பதிலாக வரும்.

அந்தப் பாதையை ஒருமுறை மனத்தால் நடந்து பார்த்தாலே சிக்கல் விளங்கிவிடும்.

கேமரன் மலையின் காட்டுப் பாதைகளுக்குப் பெயரைவிட எண்தான் பிரபலம். ஒன்று தொடங்கி 14 வரை எண்ணிட்ட பாதைகள் இருக்கின்றன. சில மங்கிவிட்டன, சில விவசாய நிலத்துக்குள் தொலைந்துவிட்டன. தானா ராத்தாவில் தங்குகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் சுற்று, 10ஆம் எண் பாதையில் ஏறி 6ஆம் எண் பாதையில் இறங்குவது. ஊரின் ஓரத்து அடுக்குமாடி வீடுகளின் பின்னால் பாதை தொடங்குகிறது. தானா ராத்தாவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறப்போகும் குனோங் ஜாசார் 1600 மீட்டருக்குச் சற்று மேல். கணக்குப்படி பார்த்தால் ஏற்றம் பெரிதல்ல. ஆனால் அந்த ஏற்றம் படிக்கட்டில் இல்லை, மரவேர்களில் இருக்கிறது. முதல் நாள் மழை பெய்திருந்தால் களிமண் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். கையால் வேரைப் பிடித்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு. கேமரன் மலையில் முதல் நாள் மழை பெய்யாத நாள் எத்தனை என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

உச்சியில் பனி விலகினால் ஊர் தெரியும், விலகாவிட்டால் பக்கத்தில் நிற்பவரே தெரியமாட்டார். அதைக் கடந்து இறங்கும்போது பாதைகள் பிரியும் இடம் வருகிறது. வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 10, 11, 12, 6 என்ற எண்களில் எது எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு பலகையும், ஒரு பாசி படிந்த மரமும், கைத்தொலைபேசியில் இருக்கும் வரைபடமும்தான் சொல்ல வேண்டும். தொலைபேசிக்குச் சில இடங்களில் சிக்னல் கிடைக்கும், சில இடங்களில் கிடைக்காது. 6ஆம் எண்ணைச் சரியாகப் பிடித்து இறங்கினால், காடு திடீரென முடிந்து கண் முன்னே பச்சைப் பாய் விரித்ததுபோல் தேயிலைச் சரிவு தெரியும். அது பாரத் தேயிலைத் தோட்டம். இரண்டு மணி நேரம் மரநிழலில் நடந்தவனுக்கு அந்த வெளிச்சமே ஒரு பரிசு.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கினால் தாப்பா சாலையை அடையலாம். அங்கிருந்து தானா ராத்தாவுக்கு நாலைந்து கிலோமீட்டர். சுற்றின் இந்தக் கடைசித் துண்டுதான் மிக ஆபத்தானது, ஆனால் இணையத்தில் படம் போடுகிறவர்கள் இதைப் படம் எடுப்பதில்லை. கூட்டரசு சாலை 59இல் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் சரிவு, வளைவுக்கு வளைவு காய்கறி லாரியும் சுற்றுலாப் பேருந்தும். காட்டில் பத்திரமாக நடந்து வந்தவன், தார்ச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒற்றைக் காலை வைத்து நடக்கிறான். சிலர் வருகிற வண்டிக்குக் கை காட்டுகிறார்கள்.

இப்போது கணக்குப் போடலாம். பாதை தொடங்கும் ஊர்ப்பகுதி மாவட்ட மன்றத்தின் கீழ் வருகிறது. மலைக்காடு மாநில வன இலாகாவின் கீழ் இருக்கிறது. தேயிலைச் சரிவு தனியார் நிறுவனத்தின் நிலம். கடைசியில் வரும் சாலை பொதுப்பணி இலாகாவுடையது. அரை நாள் நடையில் ஒருவர் நான்கு பேருடைய எல்லையைக் கடக்கிறார். யாரும் தன் வேலையைச் செய்யவில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் தன் வேலையைப் பார்க்கலாம், அப்போதும் காலையில் உள்ளே போன ஆள் மாலையில் வெளியே வந்தாரா என்று எண்ணிப் பார்ப்பது நால்வரில் ஒருவருடைய வேலையும் அல்ல.

வனக் காப்பகத்தில் மலையேற அனுமதி பெறும் நடைமுறை நாட்டில் உண்டு. பல மலைகளுக்கு 'மாலிம் குனோங்' எனப்படும் பதிவு பெற்ற மலை வழிகாட்டியும் கட்டாயம். ஆனால் தானா ராத்தாவின் பழைய எண்ணிட்ட பாதைகளை ஊரின் பின்கட்டு மாதிரி பார்த்துப் பழகிவிட்டார்கள். பெரும்பாலோர் தொலைபேசியைப் பார்த்தபடி நேராக உள்ளே போய்விடுகிறார்கள். தங்கும் விடுதிக்காரர் அக்கறையுள்ளவராக இருந்தால் "எந்தப் பாதையில் போறீங்க, எத்தனை மணிக்கு வருவீங்க" என்று கேட்டு வைப்பார். இன்றைக்கு இருக்கும் ஒரே பதிவேடு அதுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

இந்த மலை ஆளைத் தொலைக்கும் மலை என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு மதியம், தானா ராத்தா பக்கத்து மூன்லைட் பங்களாவிலிருந்து உலாவப் போனார். திரும்பி வரவில்லை. காவல் துறையினரும் இராணுவத்தினரும் பூர்வக்குடியினரும் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு துணித்துண்டுகூடக் கிடைக்கவில்லை. கடத்தல், புலி, உளவு என்று ஆளுக்கொரு கதை இன்றும் ஓடுகிறது. கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எளிய உண்மை: அவர் எந்தப் பாதையில் போனார் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்தும் 10ஆம் எண் பாதையில் தனியாக ஏறுகிறவரின் நிலை அதிலிருந்து அதிகம் மாறிவிடவில்லை, கையில் தொலைபேசி இருப்பதைத் தவிர.

மண்ணும் முன்பு போல் இல்லை. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. மேலே காடு வெட்டப்பட்டு, மண் ஆற்றில் இறங்கி, அணைத் தேக்கம் தூர்ந்து போனது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. 2024 ஜனவரியில் புளூ வேலியில் ஏற்பட்ட நிலச்சரிவு, உறங்கிக்கொண்டிருந்த மியன்மார் தொழிலாளர்களைப் புதைத்தது. இந்த மலைப் பகுதிக்கு வெளியே நடந்ததுதான் என்றாலும், 2022 டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலை பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு மலைச்சரிவு, ஆற்றோர முகாம்களை உடனடியாக மூட உத்தரவு வந்தது. உயிர் போன பிறகு மூடுவது அதிகாரிகளுக்கு எளிது, குறை சொல்லவும் முடியாது. ஆனால் முகாம் நடத்தியவரும், வழிகாட்டியும், பக்கத்தில் நாசி லெமாக் விற்றவரும் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள்.

தானா ராத்தாவில் அப்படியொரு நாள் வந்தால் யார் இழப்பார்கள்? தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை இந்த நடைபாதைக் கதையின் மையம் இதுதான்.

கேமரன் மலைத் தமிழர்கள் நேற்று வந்த சுற்றுலாவை நம்பி அங்கே குடியேறியவர்கள் அல்லர். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலையின் வேலை 1926இல் தொடங்கி 1931இல் முடிந்தது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை 1933இல் வந்தது. சாலை முழுதாகத் திறக்கும் முன்பே காட்டை வெட்டிச் சரிவைப் படியாக்கிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். லயங்கள், அவற்றுக்கு நடுவே கோயில், தோட்டப் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளி என்று ஒரு முழு வாழ்க்கை அந்தச் சரிவுகளில் நடந்தது. இன்று 6ஆம் எண் பாதையிலிருந்து வெளியே வருகிறவர் 'ஆகா' என்று நின்று படமெடுக்கும் அந்த வரிவரியான அழகு, கூடை சுமந்தவர்கள் கொழுந்து பறிக்கக் கால் வைத்த இடைவெளி. அந்த வரிகளை அழகுக்காக யாரும் போடவில்லை.

இப்போது அந்த வரிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கூடைக்குப் பதில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சம்பளத்துக்காக லயத்திலேயே தங்கும் தமிழ் இளைஞர்கள் குறைவு. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மலையிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு எஞ்சியிருப்பது ஊரும் சுற்றுலாவும்தான். தானா ராத்தா கடைத்தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள்; ஜீப் ஓட்டுகிறவர்களையும் காட்டு நடைக்கு ஆள் அழைத்துப் போகிறவர்களையும் பாருங்கள். அவர்களில் தமிழர்கள் இருக்கிறார்கள். காரில் வந்து காரில் போகும் குடும்பம் கியா ஃபார்மில் செலவழிக்கிறது. நடக்க வந்தவனோ தானா ராத்தாவில் இரண்டு இரவு தங்குகிறான், மூன்று வேளை சாப்பிடுகிறான். மலைப்பாதை திறந்திருப்பது இந்தச் சிறு வியாபாரத்தின் கல்லாவோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம்.

தோட்டத்துக்குள் இறங்கும் துண்டு குறித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தனியார் நிலத்தில் நடப்பது நடப்பவரின் உரிமை அல்ல, உரிமையாளர் கண்டும் காணாமல் விடும் சலுகை. செடியை மிதிப்பவர்களும் குப்பை போடுபவர்களும், வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளியின் முகத்துக்கு நேரே கேட்காமல் கேமராவை நீட்டுபவர்களும் பெருகினால் எந்த நிறுவனமும் வேலி போடத்தான் யோசிக்கும். அப்படி வேலி வந்தால் சுற்றுப்பாதை சுற்றுப்பாதையாக இருக்காது. ஏறிய வழியிலேயே இறங்க வேண்டியதுதான். களைத்த கால்களோடு அந்த வழுக்குப் பாதையில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம்.

கினபாலு மலையை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருந்தும். அங்கே அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் உச்சிக்குப் போக முடியாது. வழிகாட்டிகளில் பெரும்பாலோர் அந்த மலையடிவாரத்து டூசுன் மக்கள். 2015 ஜூன் 5ஆம் நாள் நிலநடுக்கத்தில் 18 பேர் மாண்டபோது, பாறைகள் உருண்டுகொண்டிருந்த மலையிலிருந்து ஏறியவர்களைக் கீழே கொண்டுவந்தவர்கள் அந்த வழிகாட்டிகள்தாம். யார் மேலே இருக்கிறார்கள் என்ற கணக்கு இருந்ததால்தான் யாரைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்தது. மலையின் மக்களே மலையின் வேலையைப் பெற்றார்கள் என்பது இதில் இரண்டாவது பாடம்.

அதற்காக ஜாசார் மலையைக் கினபாலு ஆக்க வேண்டும் என்று சொல்வது மிகை. நான்காயிரம் மீட்டர் மலைக்கான சட்டதிட்டத்தை அரைநாள் நடைக்கு மாட்டினால், மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் காலாறப் போகும் பாதை பணமுள்ளவர்களுக்கானதாகிவிடும். வழிகாட்டியை எல்லோருக்கும் கட்டாயமாக்குவதைவிட, பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பதிவுச் சாவடி வைப்பது பலன் தரும். பெயர், தொலைபேசி எண், போகும் பாதை, திரும்பும் நேரம் ஆகிய நான்கு தகவல் போதும். மாலை ஐந்து மணிக்குப் பட்டியலைப் பார்த்து வராதவரை அழைக்க ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கு ஓரிரு வெள்ளி வசூலித்தாலும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், அந்தப் பணம் வழிப்பலகைக்கும் பாதைச் சீரமைப்புக்கும் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால். சாலை 59இல் தேயிலைத் தோட்ட வாசலிலிருந்து ஊர் வரை விடுமுறை நாள்களிலாவது ஒரு சிறு பேருந்து ஓடினால், மிக ஆபத்தான துண்டு அத்தோடு தீர்ந்துவிடும். இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் திட்டமல்ல. நான்கு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்வதுதான் கடினமான வேலை. மாவட்ட மன்றமே அதற்குப் பொருத்தமான இடம். நடப்பவரால் பயன்பெறும் கடைகள் அதன் உரிமத்தில்தான் இயங்குகின்றன.

வழிகாட்டி வேலை தனியாகக் கவனிக்க வேண்டியது. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்வது குற்றம். இயற்கை சார்ந்த இடங்களுக்கென்று தனி வழிகாட்டி உரிமமும் அதற்கான பயிற்சியும் இருக்கின்றன. வன இலாகா பதிவு செய்யும் மாலிம் குனோங் வேறு. லயத்தில் பிறந்து, பள்ளி விட்டதும் இதே மலைகளில் சுற்றி வளர்ந்த பிள்ளைக்கு எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்பது தெரியும். அவனிடம் இல்லாதது ஒரு சான்றிதழ். பயிற்சிக்குப் போகும் நாள்களில் சம்பளம் போய்விடும், கட்டணம் வேறு, தேர்வு எழுதும் மொழியில் தயக்கம் வேறு. இந்திய சமூகத்தின் மேம்பாட்டுக்கென மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்படுகிறது. தையல் பயிற்சியும் மடிக்கணினியும் வழங்கப்படும் வரிசையில், கேமரன் மலை இளைஞர்கள் சிலருக்கு இந்த உரிமத்தைப் பெற்றுத் தர முடியாதா என்று தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கலாம். 2019 இடைத்தேர்தலின்போது அந்தத் தொகுதி வாக்காளர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் இந்தியர்கள். அந்த நாள்களில் மலையில் தென்படாத தலைவர் இல்லை.

இதே உரிமை செமாய் பூர்வக்குடியினருக்கும் உண்டு, சொல்லப்போனால் முதல் உரிமை அவர்களுடையதே. எண் போடுவதற்கு முன்பே காட்டில் நடந்தவர்கள் அவர்கள். ஆள் தொலைந்தால் காவல் துறை முதலில் துணைக்குக் கூப்பிடுவதும் அவர்களைத்தான். வழிகாட்டி வேலைக்குப் பட்டியல் போடும் நாளில் இரு சமூகமும் ஒரே பட்டியலில் இருப்பதே முறை.

அதுவரை போகிறவர்கள் செய்துகொள்ளக்கூடியவை சில. காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கினால் பிற்பகல் மழைக்கு முன் தேயிலைக்கு இறங்கிவிடலாம். தனியாகப் போவதைத் தவிர்ப்பது நல்லது; தோட்ட ஓரங்களில் நாய்கள் கூட்டமாக வரும், இரண்டு மூன்று பேராக இருந்தால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். வரைபடத்தைச் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்படி முதல் நாளே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு விசில், ஒரு மழைச்சட்டை, ஒரு கைவிளக்கு போதும். எந்த எண்ணில் ஏறி எந்த எண்ணில் இறங்குகிறோம் என்பதை விடுதியிலோ, காலையில் சாப்பிட்ட கடையிலோ சொல்லிவிட்டுப் போக வேண்டும். தேயிலைத் தோட்ட வாசலை அடைந்ததும் ஊர் வரை நடந்தே முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். வாடகைக் காரை அங்கேயே வரச் சொல்லலாம். காலையில் சொல்லிவிட்டுப் போன கடையில் திரும்பி வந்து ஒரு தே தாரிக் குடித்தால், கடைக்காரருக்கும் கணக்கு முடிந்துவிடும்.